கேளுங்கள் டீச்சரை: வீட்டுப் பேச்சில் கொஞ்சம் ஆங்கிலம்

தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்று, இப்போது பாம்பனில் வசிக்கும் நம் டீச்சர், சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பழக்குவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.

கேள்வி: என் மகனுக்கு நாலு வயது. வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறார். நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தேன், அதுவும் தமிழ் மீடியம். பக்கத்து வீட்டுப் பையன் நர்சரிக்குப் போகிறான். ஏ-யிலிருந்து இசட் வரை கடகடவென்று ஒப்பிக்கிறான், இங்கிலீஷ் பாட்டெல்லாம் பாடுகிறான். என் பிள்ளை இப்போதே பின்தங்கிவிட்டானோ என்று ராத்திரி தூக்கம் வருவதில்லை. என்னை மாதிரி இங்கிலீஷ் பேச வராதவள் பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்க முடியும் டீச்சர்?
— ஒரு தாய், மண்டபம்

பதில்: முடியும் தங்கச்சி. முதலில் அந்தப் பக்கத்து வீட்டுக் கவலையை முடித்துவிடுவோம். அந்தப் பையன் ஒப்பிப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். பாட்டும் எழுத்து வரிசையும் ஞாபகத்துக்கு நல்லது, நாக்குக்கும் நல்லது. ஆனால் அது பேச்சு ஆகாது. அடுத்த தடவை அவன் வாசலில் விளையாடும்போது ‘வேர் இஸ் யுவர் பால்?’ என்று கேட்டுப் பாருங்கள். பந்தைத் திரும்பிப் பார்த்தான் என்றால் அவனுக்குக் கொஞ்சம் ஆங்கிலம் புரிகிறது, சந்தோஷம். உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான் என்றால் அவனும் உங்கள் மகனும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள்.

எட்டாவது வரை படித்த உங்களுக்குக் ‘கம்’, ‘கோ’, ‘கிவ்’, ‘டேக்’, ‘புட்’, ‘ஓபன்’, ‘க்ளோஸ்’, ‘வாஷ்’, ‘வெயிட்’, ‘லுக்’ எல்லாம் தெரியும். வீட்டில் இருக்கும் பத்து இருபது சாமான்களின் ஆங்கிலப் பெயரும் தெரியும். மக், பக்கெட், சோப், ஸ்பூன், பிளேட் என்று தினமும் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறோம். நாலு வயதுப் பிள்ளைக்கு ஆரம்பத்தில் இதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

இவற்றை உட்கார வைத்துப் பாடமாகச் சொல்லிக்கொடுக்காதீர்கள். வேலை நடக்கும் இடத்தில் சொல்லுங்கள். குளிப்பாட்டும்போது கையை நீட்டி ‘கிவ் மீ தி மக்’. தலைக்குச் சோப்பு போட்டதும் ‘க்ளோஸ் யுவர் ஐஸ்’, நீங்களும் கண்ணை மூடிக் காட்டுங்கள். தண்ணீர் ஊற்றி முடித்ததும் ‘ஓபன்!’ வெளியே விளையாடிவிட்டு மணலோடு வந்து நின்றால் ‘வாஷ் யுவர் ஃபீட்’. தினமும் அதே நேரம், அதே வார்த்தை, அதே சைகை. இன்றைக்கு ஒரு மாதிரி, நாளைக்கு ஒரு மாதிரி மாற்றிச் சொல்லக் கூடாது.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். ‘கிவ் மீ தி மக்’ என்று சொன்ன கையோடு ‘மக்கை எடுத்துக் கொடுடா’ என்று தமிழிலும் சொல்லிவிடாதீர்கள். எப்படியும் பின்னாலேயே தமிழ் வரும் என்று தெரிந்துவிட்டால் பிள்ளை முதலில் வரும் ஆங்கிலத்தைக் காதிலேயே வாங்காது. நீட்டிய கையை நீட்டியபடியே வைத்திருங்கள். கண்ணால் மக்கைக் காட்டுங்கள். கொஞ்சம் பொறுத்தால் அவனே எடுத்துத் தருவான். 1960-களில் ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர் இதை ஒரு கற்பித்தல் முறையாகவே வகுத்தார். சொல்லைக் கேட்டு முதலில் உடம்பு செய்யட்டும், வாய் பிறகு திறக்கும் என்பதுதான் அதன் அடிப்படை. நம் பிள்ளைகள் தமிழ் கற்றுக்கொண்டதும் அப்படித்தானே. ‘இங்கே வா’, ‘கை தட்டு’, ‘டாட்டா காட்டு’ என்றதை எல்லாம் பேச்சு வருவதற்கு முன்னாலேயே செய்தார்கள்.

உங்கள் வீட்டில் ஆங்கிலம் பழக்க மிக நல்ல இடம் எது தெரியுமா? மீன் ஆயும் இடம். வீட்டுக்காரர் குழம்புக்கு என்று கலந்து கொண்டுவரும் மீனைத் தரையில் கொட்டுங்கள். நகரையும் சூடையும் காரலும் கிடக்கும், நடுவில் ஒரு நண்டும் இருக்கும். மகனைப் பக்கத்தில் உட்கார வைத்து ‘பிக் ஃபிஷ் ஹியர், ஸ்மால் ஃபிஷ் தேர்’ என்று நாலு மீனைப் பிரித்துக் காட்டுங்கள். ஐந்தாவது மீனை எடுத்து அவனைப் பார்த்து ‘பிக் ஆர் ஸ்மால்?’ என்று கேளுங்கள். அவன் எந்தப் பக்கம் வைக்கிறானோ அதுதான் பதில். வாயால் சொல்ல வேண்டியது இல்லை. நடுத்தரமான மீனாக இருந்தால் யோசிப்பான், அதுவும் நல்லது. நண்டுப் பக்கம் கை போனால் ‘டோன்ட் டச்! இட் பைட்ஸ்!’ இந்த வாக்கியத்தை நம் கரையோரப் பிள்ளைகள் ஒரு தடவை கேட்டால் போதும், அடுத்த தடவை அம்மாவுக்கே சொல்வார்கள்.

இன்னொன்று, இதைத்தான் நான் எல்லாத் தாய்மாரிடமும் வற்புறுத்திச் சொல்கிறேன். ஒரு ஸ்பூனைத் தூக்கிக் காட்டி ‘வாட் இஸ் திஸ்?’ என்று கேட்காதீர்கள். அது ஸ்பூன் என்று உங்களுக்கும் தெரியும், பிள்ளைக்கும் தெரியும். தன்னைப் பரீட்சை பண்ணுகிறார்கள் என்பது மூன்று வயதுப் பிள்ளைக்குக்கூட விளங்கிவிடும். சொந்தக்காரர் முன்னால் அந்தக் கேள்வியைக் கேட்டால் பிள்ளை அம்மா முந்தானைக்குள் முகத்தை ஒளித்துக்கொள்வது அதனால்தான். அதற்குப் பதிலாக ஒரு கையில் வாழைப்பழம், ஒரு கையில் பிஸ்கட் வைத்துக்கொண்டு ‘விச் ஒன் டு யூ வாண்ட்?’ என்று கேளுங்கள். இது நிஜமான கேள்வி. அவனுக்கு எது வேண்டும் என்று உங்களுக்குத் தெரியாது, அவன் சொன்னால்தான் தெரியும். ‘ரெட் ஷர்ட் ஆர் ப்ளூ ஷர்ட்?’, ‘டீ ஆர் மில்க்?’, ‘இன்சைட் ஆர் அவுட்சைட்?’ என்று ஒரு நாளைக்கு எத்தனையோ நிஜக் கேள்விகள் வீட்டில் இருக்கின்றன. பதிலுக்காகக் காத்திருக்கும் ஒரு மனுஷருக்குத்தான் பிள்ளை பேசும்.

அவன் விரலை நீட்டினாலும் கொடுத்துவிடுங்கள். ‘அது’ என்று தமிழில் சொன்னாலும் கொடுத்துவிட்டு ‘ஓகே, தி பனானா’ என்று நீங்கள் சொல்லிக்கொள்ளுங்கள். ‘இங்கிலீஷில் சொன்னால்தான் தருவேன்’ என்று பசித்த பிள்ளையிடம் ஒருநாளும் பேரம் பேசாதீர்கள். அப்படிச் செய்தால் பழமும் கசக்கும், ஆங்கிலமும் கசக்கும்.

கேள்வி: நான் விசைப்படகில் வேலை பார்க்கிறேன். மீன்பிடித் தடைக்காலத்தில் மட்டும்தான் தொடர்ந்து வீட்டில் இருப்பேன். மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு மூன்று. அந்த நாட்களில் பிள்ளைகளோடு ஏதாவது உருப்படியாகச் செய்ய ஆசை. இங்கிலீஷ் எல்லாம் எனக்கு வராது.
— ஒரு தகப்பன், தங்கச்சிமடம்

பதில்: வராது என்று சொல்லாதீர்கள் தம்பி. ஒரு நாள் படகில் நீங்கள் பேசுவதை மனதுக்குள் ஓட்டிப் பாருங்கள். இன்ஜின், டீசல், ஐஸ், பெட்டி, வின்ச், ரோப், வயர்லெஸ், ஜிபிஎஸ், சிக்னல், டோக்கன், டிரைவர். பாதிக்குப் பாதி ஆங்கிலம். ‘ஸ்டார்ட் பண்ணு’, ‘ஸ்லோ பண்ணு’, ‘ரிவர்ஸ் எடு’ என்று ஏவுகிற வார்த்தைகளும் அதுதான். இதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். நடுவில் பள்ளி லீவும் வந்துவிடுகிறது. கயிற்றுக் கட்டிலைப் படகாக்குங்கள். மகள்தான் கேப்டன், நீங்கள் டிரைவர். அவள் ‘ஸ்டார்ட்!’ என்றால் நீங்கள் வாயால் இன்ஜின் சத்தம் எழுப்ப வேண்டும். ‘ஸ்டாப்!’ என்றால் நிறுத்த வேண்டும். ‘லெஃப்ட்’, ‘ரைட்’, ‘ஸ்லோ’, ‘ஃபாஸ்ட்’ எல்லாவற்றுக்கும் கீழ்ப்படிய வேண்டும். தன் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லுக்கு அப்பா நிஜமாகவே நிற்கிறார், திரும்புகிறார் என்று பார்க்கும்போது பிள்ளைக்கு வரும் தைரியம் இருக்கிறதே, அதை எந்த டியூஷனும் கொடுக்காது. வேண்டுமென்றே ஒரு தடவை ‘லெஃப்ட்’ என்றதற்கு வலது பக்கம் சாயுங்கள். ‘நோ! லெஃப்ட்!’ என்று கத்துவாள். அந்த ‘நோ’ அவளாகச் சொன்னது.

சின்னவனுக்கு வலை. நீங்கள் வலையின் கிழிசலைப் பொத்தும்போது அவன் ஒரு முனையைப் பிடிக்கட்டும். ‘ஹோல்ட்’, ‘புல்’, ‘கட்’, ‘டை’, ‘ஒன் மோர்’, ‘ஃபினிஷ்ட்’. இந்த ஆறு சொல் போதும். கத்தி மட்டும் உங்கள் கையில் இருக்கட்டும். சாயங்காலம் கரைக்குக் கூட்டிப் போனால், உங்கள் ஊர் வடக்குப் பக்கம் பெண் கடல், அலை அடங்கித்தான் இருக்கும். கணுக்கால் தண்ணீரில் இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டு ‘இன்!’ என்றால் உள்ளே ஒரு எட்டு, ‘அவுட்!’ என்றால் வெளியே ஒரு எட்டு. கையை விட்டுவிடாதீர்கள். தெற்கே ஆண் கடல் பக்கம் இந்த விளையாட்டே வேண்டாம்.

ஜூன் 15-க்கு அப்புறம் நீங்கள் கடலுக்குப் போய்விடுவீர்கள். கரை வந்ததும் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. பையைக் கீழே வைத்துவிட்டு ‘கெஸ் வாட்!’ என்று சொல்லிப் பைக்குள் கையை விடுங்கள். ‘ஃபிஷ்?’ ‘நோ.’ ‘கிராப்?’ ‘நோ.’ ‘ஷெல்?’ ‘யெஸ்!’ எவ்வளவு அசதியாக வந்தாலும் இதற்கு இரண்டு நிமிஷம்தான் ஆகும்.

கேள்வி: மகள் இங்கிலீஷில் சொன்னால் எல்லாம் புரிந்துகொள்கிறாள். ஆனால் பதில் தமிழில்தான் வருகிறது. எப்போதாவது இங்கிலீஷில் சொன்னால் ‘அப்பா கோ டு சீ’ என்று தப்பாகச் சொல்கிறாள். திருத்தலாமா?
— வாசகி, உச்சிப்புளி

பதில்: புரிந்துகொள்கிறாள் என்றால் வேலை நடக்கிறது. எந்த மொழியிலும் கேட்டுப் புரிவது முன்னால் வரும், பேசுவது பின்னால் வரும். சில பிள்ளைகள் மாதக்கணக்கில் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். தொந்தரவு செய்யாதீர்கள்.

‘அப்பா கோ டு சீ’ என்றால் ‘அப்படிச் சொல்லக் கூடாது’ என்று நிறுத்தாதீர்கள். ‘யெஸ், அப்பா வென்ட் டு சீ. ஹீ வில் கம் டுமாரோ’ என்று சரியான வாக்கியத்தை உங்கள் பதிலாகவே சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். அவள் அதைக் கேட்டுக்கொள்வாள். திரும்பச் சொல்லச் சொல்லி வற்புறுத்த வேண்டியது இல்லை. அவள் சொல்ல வந்த செய்தி அப்பா கடலுக்குப் போயிருக்கிறார் என்பது. அந்தச் செய்திக்குப் பதில் கிடைத்தால்தான் அடுத்த செய்தி வரும்.

கேள்வி: என் மகன் சவுதியில் வேலை பார்க்கிறார். இங்கே மருமகளும் இரண்டு பேத்திகளும் என்னோடு இருக்கிறார்கள். பேத்திகளுக்கு ஐந்து வயதும் மூன்று வயதும். ‘இனிமேல் வீட்டில் இங்கிலீஷ் மட்டும்தான் பேச வேண்டும், தமிழ் பேசினால் ஒரு தடவைக்கு இவ்வளவு என்று ஃபைன்’ என்று மகன் போனில் சொல்லிவிட்டார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. பிள்ளைகள் என்னிடம் பேசவே பயப்படுகிறார்கள். அவருடைய நல்ல எண்ணத்தைக் கெடுக்கவும் எனக்கு மனசு வரவில்லை.
— வாசகி, கீழக்கரை

பதில்: அம்மா, அந்த ஃபைனை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். நான் சொன்னதாகவே மகனிடம் சொல்லலாம். அவருடைய எண்ணம் நல்லது, வழிதான் பிள்ளைகளுக்கு நஷ்டம்.

காசு கொடுக்க வேண்டும் என்றால் பிள்ளை ஆங்கிலம் பேசாது. பேசாமலே இருந்துவிடும். இப்போதே உங்களிடம் வரப் பயப்படுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், அதுதான் நடந்திருக்கிறது. உங்களிடமிருந்து அந்தப் பிள்ளைகளுக்கு வர வேண்டியது ஏராளம். கதை, முறை, சொந்தம், எந்த மீனுக்கு எந்தப் புளி, எந்த மாதத்தில் எந்தக் காற்று. உப்பு எப்படி விளைகிறது என்று ஒரு பிள்ளை தமிழில் விளங்கிக்கொண்டால், அதற்கான ஆங்கிலச் சொல் பின்னால் வந்து சுலபமாக ஒட்டிக்கொள்ளும். விளங்காத ஒன்றுக்கு ஆங்கிலத்தில் பெயர் தெரிந்து என்ன செய்ய? பிள்ளைக்குப் பாடம் சொல்ல மிகச் சிறந்த மொழி தாய்மொழிதான் என்று யுனெஸ்கோ 1953-லேயே அறிக்கை வெளியிட்டது. நம் கலாம் ஐயாவும் ராமேஸ்வரம் பஞ்சாயத்துத் தொடக்கப் பள்ளியில் தொடங்கி, ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளி வழியாகத்தான் திருச்சிக்கும் சென்னைக்கும் போனார்.

உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். கீழக்கரைப் பிள்ளைகள் சின்ன வயதிலேயே ஓதப் போகிறார்கள். வலமிருந்து இடமாக அரபு எழுத்தைப் படிக்கிறார்கள், பள்ளிக்கு வந்து இடமிருந்து வலமாகத் தமிழ் எழுதுகிறார்கள். தமிழையே அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ் வழக்கம் வேரூன்றி இருந்த ஊர் அது. குர்ஆன் ஓதப் பழக்குவதற்காக எந்த உம்மாவும் வீட்டில் தமிழை நிறுத்தவில்லை. பிள்ளையின் தலைக்குள் இரண்டு மூன்று மொழிக்குத் தாராளமாக இடம் இருக்கிறது.

சரி, மகன் என்ன செய்யலாம்? அவரிடம் ஒரு அருமையான வசதி இருக்கிறது, அதை அவர் கவனிக்கவில்லை. தூரத்தில் இருப்பதால் அவர் கேட்கும் எல்லாமே நிஜக் கேள்வி. வீட்டில் இன்றைக்கு என்ன சமையல் என்று அவருக்குத் தெரியாது. ‘வாட் டிட் யூ ஈட்?’ என்று கேட்கட்டும். ‘ஷோ மீ’ என்று சொல்லட்டும், பிள்ளை போனைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடும். ‘ஷோ மீ தி கேட்’, ‘ஷோ மீ யுவர் டிராயிங்’, ‘வேர் இஸ் யுவர் சிஸ்டர்?’ என்று கேட்டுக்கொண்டே போகலாம். சவுதி நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. இங்கே ராத்திரி ஏழு மணிக்கு இருட்டிவிடும்போது அங்கே நாலரை மணி வெயில். ‘இஸ் இட் நைட் தேர்?’ என்று பேத்தி கேட்கட்டும். ‘நோ, லுக், சன்!’ என்று அவர் ஜன்னல் பக்கம் போனைத் திருப்பட்டும். மூன்று வயதுப் பிள்ளைக்கு இது பெரிய அதிசயம். தினமும் கேட்பாள்.

அந்த நேரத்தை வாப்பாவுக்கும் ஆங்கிலத்துக்கும் கொடுத்துவிடுங்கள். மற்ற நேரம் உங்களுடையது. வயிறாரத் தமிழ் பேசுங்கள்.

கேள்வி: பேரனுக்கு இரண்டரை வயது. போனில் இங்கிலீஷ் கார்ட்டூன் போட்டுக் கொடுத்தால் அப்படியே உட்கார்ந்து பார்க்கிறான். கலர் பேரெல்லாம் சொல்கிறான். இதுவே போதும்தானே?
— வாசகர், சாயல்குடி

பதில்: போதாது ஐயா. 2003-இல் அமெரிக்காவில் பட்ரீஷியா கூல் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் ஒன்பது மாதக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதிக் குழந்தைகளோடு சீன மொழி பேசுபவர்கள் நேரில் உட்கார்ந்து விளையாடினார்கள், புத்தகம் காட்டினார்கள். இன்னொரு பகுதிக் குழந்தைகளுக்கு அதே ஆட்கள் பேசுவதைத் திரையில் காட்டினார்கள். நேரில் கேட்ட குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்து அறிந்தார்கள். திரையில் பார்த்தவர்களுக்கு அது வரவில்லை. திரை எதையும் கேட்டுவிட்டுக் காத்திருப்பது இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன கணக்கு இது: இரண்டு முதல் நாலு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், குறைத்தால் இன்னும் நல்லது. காட்டுகிற அந்தக் கொஞ்ச நேரமும் பக்கத்தில் உட்காருங்கள். ‘ரெட்’ என்று கார்ட்டூன் சொன்னதும் நிறுத்திவிட்டு, உங்கள் ஊர் முண்டு மிளகாயில் ஒன்றை எடுத்து ‘ரெட்!’ என்று காட்டுங்கள். கையில் கொடுக்காதீர்கள், கண்ணைத் தேய்த்துவிடுவான்.

கேள்வி: நான் அங்கன்வாடியில் வேலை செய்கிறேன். இருபது பிள்ளைகள். தாய்மார் எல்லாரும் ‘இங்கிலீஷ் சொல்லிக்கொடுங்க’ என்று கேட்கிறார்கள். சமையல், எடை பார்ப்பது, பதிவேடு என்று வேலையே சரியாக இருக்கிறது. தனியாக நேரம் ஒதுக்க முடியவில்லை.
— பணியாளர், திருப்பாலைக்குடி பக்கம்

பதில்: உங்கள் வேலையின் பாரம் எனக்குத் தெரியும் தங்கச்சி. தனி நேரம் ஒதுக்கவே வேண்டாம். முட்டை கொடுக்கும் நாளில் ஒரு பிள்ளையை எழுப்பி அவனையே கொடுக்கச் சொல்லுங்கள். கொடுக்கிறவன் ‘ஹியர் யூ ஆர்’, வாங்குகிறவள் ‘தேங்க் யூ’. இருபது பேருக்குக் கொடுத்து முடிப்பதற்குள் அந்த இரண்டு வாக்கியமும் இருபது தடவை எல்லார் காதிலும் விழுந்துவிடும். நாளைக்கு வேறு பிள்ளை.

கூச்சல் அடக்க முடியாத நேரத்துக்கு ‘டச் ரெட்!’ என்று ஒரு குரல் கொடுங்கள். அறையில் எங்கே சிவப்பு இருந்தாலும் ஓடிப்போய்த் தொட வேண்டும். தன் சட்டையைத் தொட்டாலும் சரிதான். அப்புறம் ‘ஃப்ரீஸ்!’ அப்படியே நிற்பார்கள். உங்களுக்கும் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கும்.

எங்கள் பாம்பன் பாலத்தை வைத்து ஒரு விளையாட்டு சொல்கிறேன். 1914-இல் கட்டிய பழைய ரயில் பாலம் இரண்டு பக்கமும் கை விரித்து மேலே திறந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் நடுவில் இருக்கும் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே செங்குத்தாக மேலே ஏறும். பிள்ளைகளுக்கு இரண்டையும் செய்து காட்டுங்கள். இரண்டு பிள்ளைகள் எதிரெதிரே நின்று கைகளைக் கோத்துக்கொண்டால் பாலம் ரெடி. மற்றவர்கள் படகு. படகு வந்து ‘கேன் ஐ கோ?’ என்று கேட்க வேண்டும். பாலம் ‘வெயிட்!’ என்று சொல்லலாம், ‘யெஸ், கோ!’ என்றும் சொல்லலாம். அது பாலத்தின் இஷ்டம். ‘அப்!’ என்றதும் கைகள் மேலே போகும், படகு குனியாமல் கம்பீரமாகப் போகலாம். ‘டவுன்!’ என்றதும் மூடிவிடும், அப்போது ரயில் பிள்ளைகள் வரிசையாகச் சத்தம் போட்டுக்கொண்டு வருவார்கள். பேசக் கூச்சப்படும் பிள்ளையைப் பாலமாக நிறுத்துங்கள். ‘வெயிட்’ என்ற ஒற்றைச் சொல்லால் அத்தனை பேரையும் நிறுத்திவைக்கும் அதிகாரம் கிடைத்தால் எப்படிப்பட்ட கூச்சமும் விலகும்.

கேள்வி: நான் சொல்லும் உச்சரிப்பே தப்பு. ‘இஸ்கூல்’, ‘பிஸ்’ என்றுதான் எனக்கு வரும். பிள்ளைக்கும் அதே தப்புதானே ஒட்டிக்கொள்ளும்?
— வாசகி, தேவிபட்டினம்

பதில்: பேசாமல் இருப்பதைவிட ‘இஸ்கூல்’ என்று பேசுவது நல்லது. ஆனாலும் சரி செய்வது கஷ்டம் இல்லை, பிள்ளையோடு சேர்ந்தே செய்துவிடலாம். ‘ஸ்ஸ்ஸ்’ என்று பாம்பு மாதிரி நீளமாகச் சீறிவிட்டு அதன் முடிவில் ‘கூல்’ என்று சேருங்கள். முன்னால் ‘இ’ ஒட்டாது. மீனுக்கான ‘ஃபிஷ்’ சொல்ல மேல் பல்லைக் கீழுதட்டின் மேல் லேசாக வைத்து ஊதுங்கள். கண்ணாடி முன்னால் இரண்டு பேரும் நின்று ஊதினால் பிள்ளை சிரித்துச் சிரித்தே கற்றுக்கொள்ளும். ‘பென்’, ‘பாட்’ போன்ற சொற்களின் முதல் ஒலிக்கு ஒரு துண்டுக் காகிதத்தை வாய்க்கு நேரே பிடியுங்கள். ஆங்கிலத்தில் அந்த ஒலி காற்றைத் தள்ளிக்கொண்டு வரும், காகிதம் ஆட வேண்டும். நாம் தமிழில் ‘பழம்’ என்று சொல்லும்போது அவ்வளவாக ஆடாது. சொல்லிப் பாருங்கள், உங்களுக்கே வித்தியாசம் தெரியும்.

கேள்வி: மகனுக்கு மூன்றரை வயது. பள்ளியில் சேர்த்த உடனே ஏ, பி, சி எழுதச் சொல்லி நாலு வரி ஹோம்வொர்க் கொடுக்கிறார்கள். பென்சிலைக் கண்டாலே அழுகிறான். என்ன செய்ய?
— ஒரு தாய், பெரியபட்டினம்

பதில்: மூன்றரை வயதில் விரல் எலும்பும் தசையும் பென்சிலுக்குத் தயாராகி இருக்காது. அவன் அழுவதில் நியாயம் இருக்கிறது. முற்றத்து மணலில் விரலால் கோடு போடட்டும். வட்டம், நேர்கோடு, சாய்வுக் கோடு போதும். ஆங்கில எழுத்து எல்லாமே இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். சப்பாத்தி மாவை உருட்டச் சொல்லுங்கள், சோழியைப் பொறுக்கி டப்பாவில் போடச் சொல்லுங்கள். விரலுக்கு வலு வரும்.

எழுத்தின் பெயரைவிட அதன் ஒலியை முன்னால் பழக்குங்கள். ஆங்கிலத்தில் எழுத்து 26, ஒலியோ சுமார் 44. ‘சி’ என்று பெயர் வைத்திருக்கும் எழுத்து பூனைக்கான ‘கேட்’டில் ‘க்’ என்று ஒலிக்கிறது, ‘சிட்டி’யில் ‘ஸ்’ என்று ஒலிக்கிறது. எழுதியபடியே படித்துப் பழகிய தமிழ்ப் பிள்ளை இங்கேதான் குழம்பும். அதனால் ‘‘க்’ என்று தொடங்கும் சாமான் என்னவெல்லாம் வீட்டில் இருக்கிறது?’ என்று தேடும் விளையாட்டு விளையாடுங்கள். கப், கேப், கீ, கேமரா. எந்த எழுத்து என்று இப்போது பார்க்க வேண்டாம், காது பழகினால் போதும்.

ஹோம்வொர்க்கைப் பற்றி வகுப்பு டீச்சரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். ‘வீட்டில் மணலில் எழுத வைக்கிறேன், நோட்டில் ஒரு வரி மட்டும் போடட்டுமா?’ என்று கேளுங்கள். சண்டை போடுகிற மாதிரி போகாமல் யோசனை கேட்கிற மாதிரி போனால் பெரும்பாலான டீச்சர்கள் ஒத்துக்கொள்வார்கள். பெற்றோர் நாலு வரி எதிர்பார்க்கிறார்கள் என்று நினைத்துத்தான் அவர்களும் பல சமயம் நாலு வரி கொடுக்கிறார்கள். உங்களோடு இன்னும் இரண்டு தாய்மாரும் வந்தால் இன்னும் நல்லது.